தேர் காலையில், சாமி மாலையில்

கியோத்தோ நகரத்தின் கியோன் திருவிழாவைப் பார்க்க வருகிறவர்களில் பலர் ஜூலை 17 அன்று பகல் சாப்பாட்டு நேரத்தோடு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். தேரோட்டம் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, வெயில் வேறு தாங்கவில்லை. அவர்கள் கிளம்பும் நேரத்தில் சாமி இன்னும் கோயிலை விட்டே புறப்பட்டிருக்காது. ஒவ்வொரு வருடமும் எனக்கு இது ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. அதனால் ஊரிலிருந்து வரும் நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: காலையில் போகிற 23 தேர்களில் ஒன்றில்கூட இந்தத் திருவிழாவுக்கு உரிய யசக்கா கோயில் சாமி கிடையாது. சாமி மாலை ஆறு மணிக்கு மேல்தான் பல்லக்கில் வெளியே வரும். காலையில் போகும் தேர்கள் அதற்கு முன்னால் வீதியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகின்றன. இந்த முறைவரிசை புரியாமல் பார்த்தால் கியோன் திருவிழா ஓர் அலங்கார ஊர்வலமாகத்தான் தெரியும்.

நகரத்தின் நடுவே, ஷிஜோ பெருவீதிக்கு வடக்கே, ஷின்மாச்சி என்கிற குறுகலான வீதியில் என் அலுவலகம் இருக்கிறது. இரண்டாவது மாடி. பெரிய தேர்களில் ஒன்று எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் வருடாவருடம் எழும்புகிறது. ஜூலை மாதம் முழுக்க, ஒன்றாம் தேதி முதல் முப்பத்தொன்று வரை, இந்த ஊரில் ஏதாவது ஒரு சடங்கு நடந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்ததையும், பார்த்ததன் காரணத்தைத் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

869-ஆம் ஆண்டு ஜப்பானுக்குக் கெட்ட ஆண்டு. வடகிழக்குக் கடற்கரையில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தலைநகராக இருந்த கியோத்தோவில் கொள்ளைநோய். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர், புழுக்கமான கோடை, அடிக்கடி கரை உடைக்கும் காமோ ஆறு, நெருக்கியடித்த குடியிருப்புகள். நோய் பரவ வேறென்ன வேண்டும்? அந்தக் காலத்து நம்பிக்கைப்படி, அநியாயமாக மாண்டவர்களின் கோபம்தான் நோயாக வந்து இறங்குகிறது. அந்தக் கோபத்தை அதட்டி விரட்ட முடியாது. ஆடிப்பாடி வரவேற்று, மனம் குளிரவைத்து, வழியனுப்பத்தான் முடியும். அன்று நாடு 66 மாநிலங்களாக இருந்தது. மாநிலத்துக்கு ஒன்றாக 66 ஈட்டிகளை நட்டுவைத்து, கியோன் கோயிலின் பல்லக்கை அரண்மனைத் தோட்டமான ஷின்சென்-என்னுக்கு எடுத்துப்போய் வழிபாடு செய்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு சிறு பகுதி, குளத்தோடு, நிஜோ கோட்டைக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. 970 முதல் வழிபாடு ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது என்று கோயில் மரபு சொல்கிறது.

கியோன் என்ற பெயர் இந்தியாவிலிருந்து போனது. சிராவஸ்தியில் புத்தர் மழைக்காலங்களில் தங்கிய ஜேதவன விகாரத்தின் பெயர்தான் சீனம் வழியாகப் போய் ஜப்பானிய வாயில் கியோன் ஆயிற்று. கோயிலில் இருந்த கோசு தென்னோ என்கிற மாட்டுத்தலைத் தெய்வத்தை ஜேதவனத்தின் காவல் தெய்வம் என்று சொல்லி வணங்கினார்கள். நோயைக் கொண்டுவருவதும் அவர், தடுப்பதும் அவர். 1868-இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷிந்தோவையும் தனித்தனியாகப் பிரித்தபோது கோசு தென்னோவின் பெயர் எடுக்கப்பட்டு, ஜப்பானியப் புராணத்து சுசானோ அந்த இடத்துக்கு வந்தார். கோயில் பெயரும் யசக்கா என்று மாறியது. திருவிழாவின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நட்டுவைத்த ஈட்டிகள் காலப்போக்கில் சக்கரம் பெற்றன. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் வியாபாரிகளும் கைவினைஞர்களும் தெருத்தெருவாகச் சேர்ந்து தங்கள் ஈட்டியை வண்டியில் ஏற்றி, கூரை வேய்ந்து, இசைக்காரர்களை உட்காரவைத்து இழுக்க ஆரம்பித்தார்கள். உயரமான கம்பத்தை உடைய இந்தத் தேருக்கு ஹோகோ என்று பெயர். ஈட்டி என்று பொருள். மலையையும் மரத்தையும் புராணக் காட்சியையும் சுமந்து வரும் சிறிய தேருக்கு யாமா என்று பெயர். இதில் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: பளபளப்பும் சத்தமும் உயரமும் நோய்க்கிருமிகளை, அதாவது அவர்கள் நினைத்த நோய் ஆவிகளை, சந்துபொந்துகளிலிருந்து வெளியே இழுக்கும். அவை கம்பத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே வாரிக்கொண்டு போய்விடலாம். அலங்காரம் ஆடம்பரத்துக்காக வந்ததில்லை, அது தூண்டில்.

திருவிழா தெருக்காரர்களுக்குச் சொந்தமானது எப்படி என்பதற்கு 1533-ஐச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே 1467-இல் தொடங்கிய ஓனின் போர் கியோத்தோவைச் சாம்பலாக்கியது. தேரோட்டம் முப்பத்து மூன்று வருடம் நின்று, 1500-இல் மீண்டது. 1533-இல் ஷோகுன் அரசு கோயில் சடங்குகளை நிறுத்திவைக்கச் சொன்னது. அப்போது தெருக்காரர்கள் ஒன்றுகூடி, கோயில் சடங்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தேர்கள் ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கோயில் அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பில் அது பதிவாகி இருக்கிறது. இந்தப் பிடிவாதம் இன்றுவரை தொடர்கிறது. ஒவ்வொரு தேருக்கும் ஒரு தெரு பொறுப்பு. கோயில் சொல்லி அவர்கள் கட்டுவதில்லை. நகராட்சி சொல்லியும் கட்டுவதில்லை.

எங்கள் தெருவில் ஜூலை பத்து, பதினொன்று வாக்கில் பண்டகசாலைக் கதவு திறக்கும். சுண்ணாம்புச் சுவர் வைத்த பழைய கட்டடம். உள்ளேயிருந்து விட்டம், தூண், சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கட்டுவதற்கு ஒரு குழு, மரவேலைக்குத் தச்சர் குழு, சக்கரத்துக்குத் தனிக் குழு. ஆணி அடிப்பதில்லை. சட்டங்களை வைக்கோல் கயிற்றால் கட்டுகிறார்கள். இதை ஜன்னல் வழியாகப் பார்க்கத் தொடங்கினால் எனக்கு வேலை ஓடாது. மூட்டில் ஒருவர் கயிற்றைச் சுற்றுவார். எதிரில் இருப்பவர் மரச்சுத்தியால் கயிற்றின்மேல் தட்டித் தட்டி இறுக்குவார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே தாள் நுழையாது. மேலிருந்து கீழ் வரை கயிறு பட்டையாக நெருங்கி அடுக்கி, நடுவில் குறுக்காக இறுக்கி முடிக்கும்போது, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல ஒரு வடிவம் வந்துவிடும். அந்தக் கட்டுகளில் ஆண் பட்டாம்பூச்சி, பெண் பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் அதன்மேல் கம்பளமும் பட்டுத் திரையும் மூடிவிடும். ஊர்வலத்தன்று அந்தப் பட்டாம்பூச்சியை ஒருவரும் பார்க்க முடியாது. கட்டுகிற இரண்டு மூன்று நாளில் வந்தால்தான் உண்டு.

கயிறு ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. பெரிய ஹோகோ தரையிலிருந்து கம்பத்தின் நுனி வரை ஏறத்தாழ 25 மீட்டர். எடை 12 டன் அளவுக்கு. சக்கரம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல். இது சாலையில் ஓடும்போது குலுங்கும், முறுக்கும். இரும்பு ஆணி வைத்திருந்தால் மரம் பிளக்கும். கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடித்தளச் சட்டத்தைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, கம்பத்தைச் சேர்த்துக் கட்டி, பிறகு மொத்தத்தையும் கயிறு போட்டு இழுத்து நிமிர்த்துவார்கள். நிமிரும் நேரத்தில் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். கம்பம் செங்குத்தானதும் கைதட்டல் எழும்.

12, 13 தேதிகளில் வெள்ளோட்டம். இதைப் பெண்கள் தவறவிடக் கூடாது. ஊர்வலத்தன்று வடம் பிடிப்பவர்கள் ஆண்கள். வெள்ளோட்டத்தில் வழியில் நிற்பவர் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். குழந்தைகள், தாத்தாக்கள், காய்கறிப் பையோடு வந்தவர்கள், என்னைப் போல அலுவலகத்திலிருந்து இறங்கி ஓடி வந்தவர்கள் எல்லோரும் வடத்தைப் பிடிப்போம். மேலே இரண்டு பேர் விசிறியை நீட்டி “என்யாராயா” என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள். வடம் முதலில் விறைக்கும், கை அதிரும், ஒன்றும் நடக்காது. பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு நீண்ட கிரீச்சொலி. மரச் சக்கரமும் மரஅச்சும் உரசும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தேர் நகர்ந்திருப்பதே நமக்குத் தெரியும்.

14 முதல் 16 வரை முன்னிரவுகள். தேர்களுக்கு முன்னால் அடுக்கடுக்காகக் காகித விளக்குகள். மேலே உட்கார்ந்து இசைக்காரர்கள் குழலும் மேளமும் வெண்கல மணியும் வாசிப்பார்கள். அந்த மணியை மான்கொம்பு பொருத்திய சிறு கோலால் அடிக்கிறார்கள். இந்த இசையை ஊர்க்காரர்கள் “கோன்-சிக்கி-சின்” என்று சொல்கிறார்கள். ஜூலையில் கடைவீதி ஒலிபெருக்கிகளிலும் இதே இசைதான். பழைய வியாபாரக் குடும்பங்கள் வாசல் சட்டங்களைக் கழற்றிவிட்டு, வீட்டில் இருக்கும் ஓவியத் திரைகளைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைப்பார்கள். ஒரு திரைக்கு முன்னால் நின்று நேரம் போவது தெரியாமல் பார்க்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரும்பாலான தேரடிகளில் சிமாக்கி விற்பார்கள். மூங்கில் புல் இலையைச் சுருட்டிக் கட்டிய கட்டு. இதே பெயரில் தின்பண்டமும் உண்டு. ஆனால் இது வாசலில் தொங்கவிடுவது. கூடவே ஒரு சிறு சீட்டு இருக்கும்: இந்த வீட்டில் இருப்பவர்கள் சோமின் ஷோராயின் வம்சத்தார் என்று அதில் எழுதியிருக்கும். அதன் கதை இது. வழிப்போக்கனாக வந்த தெய்வம் இருட்டும் நேரத்தில் தங்க இடம் கேட்டது. பணக்காரத் தம்பி கோதான் கதவைச் சாத்திவிட்டான். ஏழை அண்ணன் சோமின், தினைச் சோறு கொடுத்து, தினைத்தாளைப் பரப்பிப் படுக்கவைத்தான். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த தெய்வம், “உன் வம்சத்தார் புல் வளையம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும், கொள்ளைநோய் அவர்களைத் தொடாது” என்று சொல்லிப் போனது. கோதான் வீடு அழிந்தது. இந்தக் கதை தெரிந்த பிறகு கியோத்தோ வீதிகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு வாசற்படிக்கு மேல் அந்த இலைக்கட்டு கண்ணில் படும். ஒரு வருடம் தொங்கிய பழைய கட்டை மறுவருடம் திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருக்கும் அம்மாளுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஜூலை பிறந்தால் அவர் கடையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் இருக்காது. வெள்ளரியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் யசக்கா கோயிலின் முத்திரை போல இருக்கிறது. அதனால் கோயில் குடிகள் மாதம் முழுக்கத் தொடுவதில்லை. “சாமி சின்னத்தைப் பல்லால் கடிக்கலாமா, நீங்களே சொல்லுங்க” என்று என்னிடம் கேட்டார். இளையவர்கள் எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. அவர் வீட்டுப் பேரன்கள்கூடச் சாப்பிடுகிறார்களாம், ஆனால் பாட்டிக்கு முன்னால் இல்லை. வெள்ளரிக்குப் பதிலாக இந்த மாதத்துக்கு உரியது ஹாமோ. விலாங்கு போல நீண்ட கடல்மீன். கடலிலிருந்து தள்ளி இருக்கும் கியோத்தோவுக்குக் கோடையில் உயிரோடு வந்துசேரும் அளவுக்கு உரம் கொண்டது இது ஒன்றுதான் என்பார்கள். உடம்பெங்கும் நுண்முள். மூன்று சென்டிமீட்டருக்கு இருபதுக்குமேல் கீறல் போட்டு, தோல் மட்டும் அறுபடாமல் முள்ளை நறுக்குகிறார்கள். கத்தி இறங்கும் அந்தச் சரசரப்பைக் கேட்டாலே கியோத்தோக்காரர்களுக்குத் திருவிழா வந்துவிட்டது.

17-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தேரோட்டம். வரிசையை ஜூலை 2 அன்று நகராட்சி மன்றத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருப்பார்கள். முன்காலத்தில் யார் முன்னே போவது என்று அடிதடி நடந்ததால் வந்த ஏற்பாடு. சில தேர்களுக்கு மட்டும் சீட்டு கிடையாது, இடம் நிரந்தரம். நகினதாஹோகோ எப்போதும் முதலில். அதில் மட்டும்தான் உயிருள்ள ஒரு சிறுவன் தெய்வக்குழந்தையாக உட்கார்கிறான். மற்ற ஹோகோக்களில் பொம்மைகள். பத்து வயது வாக்கில் இருக்கும் பையன், முகத்தில் வெள்ளைப் பூச்சு, தலையில் பொற்கிரீடம். 13-ஆம் தேதி கோயிலில் அவனுக்குப் பட்டம் கட்டிய பிறகு, சடங்குக்குப் போகும்போது கால் தரையில் படக் கூடாது. ஒருவர் தோளில் தூக்கித்தான் தேரில் ஏற்றுகிறார். ஷிஜோ வீதியின் குறுக்கே கட்டியிருக்கும் வைக்கோல் புரியை அவன் வாளால் வெட்டிய பிறகுதான் தேர்கள் தெய்வத்தின் எல்லைக்குள் நுழையலாம்.

நகினதாஹோகோவில் பெண்கள் ஏற முடியாது. மரபு என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடு இல்லை. சில தேர்களில் இப்போது பெண்கள் இசைக்குழுவில் உட்கார்ந்து ஊர்வலத்திலேயே வாசிக்கிறார்கள். அதனால் நோயும் வரவில்லை, சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தத் திருவிழாவை மதிக்கிறவள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஷிஜோவும் கவராமாச்சியும் சந்திக்கும் நாற்சந்தியில்தான் கூட்டம் முட்டும். ஹோகோவின் அச்சு திரும்பாது. சக்கரம் நேராக மட்டுமே ஓடும். நம்மூர்த் தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவது போல இங்கே மூங்கிலை வைத்துத் திருப்புகிறார்கள். பிளந்த பச்சை மூங்கில் பட்டைகளைச் சாலையில் நெருக்கமாகப் பரப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். வடத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் பிடிப்பார்கள். விசிறிக்காரர்கள் இரண்டு பேர் நால்வராகிக் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கும்போது, 12 டன் தேர் ஈர மூங்கிலில் வழுக்கி, ஒரு துள்ளலோடு முப்பது பாகை போலத் திரும்பி நிற்கும். உச்சியில் கம்பம் அசைந்துகொண்டே இருக்கும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். மூன்று இழுப்பில் திரும்பிவிட்டால் நல்ல குழு. தேர் போவதற்காக இந்த வீதிகளின் போக்குவரத்து விளக்குக் கம்பங்களையே மடக்கித் திருப்பும்படி அமைத்திருக்கிறார்கள்.

நண்பர்களுக்கு நான் சொல்லும் இடம் நாற்சந்தி அல்ல, எங்கள் ஷின்மாச்சி. கடைசித் திருப்பத்துக்குப் பிறகு பெரிய தேர்கள் இந்த ஒடுங்கிய வீதிக்குள் வருகின்றன. இருபுறமும் தேருக்கும் வீட்டுக்கும் நடுவே கை நீட்டும் அளவுதான் இடம். தேர்க் கூரையின்மேல் நிற்பவர்கள் மின்கம்பத்தையும் வீட்டு இறவாரத்தையும் காலால் உந்தித் தள்ளித் தேரைக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேராக இசைக்காரர்களின் முகம். காலையிலிருந்து வாசித்த களைப்பு, வியர்வை. ஊருக்குத் திரும்பும் நேரம் என்பதால் தாளமும் வேகமெடுத்துவிடும்.

அந்த நெருக்கத்தில்தான் துணிகளைப் பார்க்க முடியும். தேரின் பக்கங்களில் தொங்குவது உலகத்துத் துணி. கன்கோஹோகோவின் முன்திரை ஐரோப்பாவில் நெய்தது. 1718-இல் நன்கொடையாக வந்தது. ரெபேக்கா தண்ணீர் கொடுக்கும் விவிலியக் காட்சி அதில் இருக்கிறது. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அது என்ன காட்சி என்று யாருக்கும் தெரியாமல் சாமிக்கு முன்னால் பவனி வந்திருக்கிறது. கொய்யாமாவில் 16-ஆம் நூற்றாண்டு பிரஸ்ஸல்ஸ் நெசவு. திராய் நகரத்து மன்னன் பிரியாமின் உருவம். நம் தக்காணத்தில் நெய்து டச்சுக் கப்பல்களில் நாகசாகி வந்திறங்கிய கம்பளங்களும் பல தேர்களில் இருக்கின்றன. இந்தியாவிலேயே அழிந்துபோன வகைகள் இங்கே வருடத்துக்குச் சில நாட்கள் மட்டும் வெயிலைப் பார்த்து, மீதி நாள் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்திருக்கின்றன. கியோத்தோவின் பட்டு வியாபாரிகள் தங்களிடம் இருந்த ஆகச் சிறந்ததைத் தெருவுக்குக் கொடுத்தார்கள். தூண்டிலுக்கு நல்ல இரை வேண்டும் அல்லவா.

தேர் நிலைக்கு வந்ததும் கட்டுகிற ஆட்கள் காத்திருப்பார்கள். இளைப்பாறல் கிடையாது. திரைகள் இறங்கும், கயிறு அறுபடும், இரண்டு மூன்று நாள் கட்டியது மளமளவென்று பிரிந்து பண்டகசாலைக்குப் போகும். புதிதாக வருகிறவர்களுக்கு இது மனவருத்தமாக இருக்கிறது. இன்னும் ஒரு நாள் நிறுத்தி வைத்தால் என்ன என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. வீதியெங்கும் வாரிய நோய் ஆவிகள் அதில் ஒட்டியிருக்கின்றன. மீண்டும் தெருவில் இறங்குவதற்குள் பிரித்துக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டும்.

இப்போது வீதி சுத்தம். இனி சாமி வரலாம்.

மாலை ஆறு மணிக்கு யசக்கா கோயிலின் மேற்கு வாசல் படிக்கட்டின் கீழே மூன்று பல்லக்குகள் வந்து நிற்கும். அறுகோணப் பல்லக்கு சுசானோவுக்கு. சதுரமானது அவர் மனைவி குஷினாதாவுக்கு. எண்கோணமானது எட்டுப் பிள்ளைகளுக்கு. அதைத் தூக்குகிறவர்கள் நிஷிகி கடைவீதிக்காரர்கள், மீனும் காய்கறியும் ஊறுகாயும் விற்கிறவர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு டன். வெள்ளை அங்கி போட்ட நூற்றுக்கணக்கானவர்கள் “ஹோய்த்தோ! ஹோய்த்தோ!” என்று கத்திக்கொண்டு தலைக்குமேல் தூக்கி நிறுத்தும்போது பல்லக்கின் உலோக வளையங்கள் எல்லாம் சேர்ந்து ஜல்ஜல்லென்று அடிக்கும். காலைத் தேர்களின் நளினம் இதில் இல்லை. தோளில் தடிப்பு ஏறியவர்கள், குரல் கட்டிப்போனவர்கள், தள்ளுமுள்ளு. எனக்கு இந்த மாலைதான் திருவிழா. இரவு வெகுநேரம் வரை பல்லக்குகள் குடிகளின் தெருக்களைச் சுற்றி, ஷிஜோ வீதியில் இருக்கும் ஓதாபிஷோ என்கிற தங்குமிடத்துக்கு வந்துசேரும்.

சாமி ஒரு வாரம் கடைவீதியில் தங்குகிறது. இருபுறமும் கடைகள், எதிரே பேருந்து. 17 இரவு முதல் 24 வரை ஒவ்வோர் இரவும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்க் கும்பிட்டுவந்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. கியோன் பகுதியின் ஆடற்கலைஞர்களிடம் வழிவழியாக வந்த வழக்கம். வழியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு போய்விடுவார்கள்; எதிர்ப்பட்டவரும் புரிந்துகொண்டு விலகிவிடுவார்.

24 அன்று காலை மீண்டும் தேரோட்டம், 11 தேர்கள். இரவு பல்லக்குகள் கோயிலுக்குத் திரும்பும். நள்ளிரவில் விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் தெய்வத்தைக் கருவறைக்கு மாற்றுவார்கள். 1966 முதல் இரண்டு தேரோட்டங்களையும் போக்குவரத்து வசதிக்காக 17-இலேயே சேர்த்து நடத்திவந்தார்கள். சாமி வரும் வழியைச் சுத்தம் செய்ய ஒன்று, திரும்பும் வழிக்கு ஒன்று என்கிற பொருளே அதனால் போய்விட்டது. 2014-இல் மறுபடி பிரித்தது நல்ல காரியம். முதல்முறை வருகிறவர்கள் 24-ஐ ஒட்டி வருவதே மேல் என்பேன். அதன் முன்னிரவுகளில் சாலையோரக் கடைகள் கிடையாது. நிதானமாகத் தேரடியில் நிற்கலாம். 31-ஆம் தேதி கோயிலுக்குள் இருக்கும் நோய்த் தெய்வத்தின் சிறு சன்னதியில் பெரிய புல் வளையத்துக்குள் நுழைந்து வருவதோடு மாதம் முடிகிறது.

நோய்க்காகப் பிறந்த திருவிழா 2020-லும் 2021-லும் நோய்க்காகவே தேரோட்டத்தை நிறுத்தியது. 2020-இல் பல்லக்குக்குப் பதிலாக வெள்ளைக் குதிரையின்மேல் சக்காகி மரக்கிளையை வைத்து நடத்திப்போனார்கள். 2021-இல் ஓட்டம் இல்லை என்று தெரிந்தும் சில தெருக்களில் தேரைக் கட்டினார்கள். கட்டுகிற கை இரண்டு வருடம் சும்மா இருந்தால் கயிற்றின் கணக்கு மறந்துவிடும் என்கிற பயம். கட்டி நிறுத்தி, பிரித்து உள்ளே வைத்தார்கள்.

இப்போதைய கவலை வேறு. தேர்த்தெருக்களில் பழைய வீடுகள் போய் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. வடம் பிடிக்கக் கல்லூரி மாணவர்களும் தொண்டர்களும் வருகிறார்கள். அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவர்களைத் தெருக்காரர்கள் கூப்பிட்டுப் பழக்குகிறார்கள். செலவுக்குப் பணம் வேண்டும் என்று 2023-இல் ஊர்வலப் பாதையில் ஓர் இருக்கை 4 லட்சம் யென் என்று விற்றார்கள். அந்த இருக்கைகளில் மது பரிமாறுவதை அடுத்த வருடம் யசக்கா கோயிலின் தலைமைப் பூசாரி வெளிப்படையாகவே கண்டித்தார். நான் அவர் பக்கம். தேர் வரும் வழியில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பது முறையில்லை. பணத்துக்கு வேறு வழி தேட வேண்டும், தேட முடியும் என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணம் தக்காயாமா.

1826-இல் ஊர்வலத்தின்போது பெருமழையில் சேதமான தேர் அது. அடுத்த வருடம் முதல் வரவில்லை. பிறகு தீவிபத்தில் பெரும்பகுதி எரிந்து, சிலைகள் மட்டும் மிஞ்சின. 1864 கலவரத் தீயில் போன ஓஃபுனேஹோகோ தேர் 150 ஆண்டு கழித்து 2014-இல் திரும்பி வந்ததைப் பார்த்த தக்காயாமா தெருக்காரர்களுக்கும் வேகம் வந்தது. அதே 2014-இல் அவர்கள் முதலில் செய்த காரியம் இசைக்குழு தொடங்கியது. தேர் இல்லை, தேர் கட்டப் பணமும் இல்லை, இசை மட்டும். 2019-இல் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். 2022 ஜூலை 24 அன்று, 196 ஆண்டுகளுக்குப் பிறகு, தேர் வந்தது. இனி ஹொதெய்யாமா என்ற ஒன்றுதான் திரும்ப வேண்டும். அன்று நான் கவராமாச்சி முனையில் நின்றிருந்தேன். சாயம் பூசாத புதுமரம். மற்றத் தேர்களின் பொன்வேலை அதில் இன்னும் ஏறவில்லை. எட்டு வருடமாகத் தரையில் உட்கார்ந்து பயிற்சி செய்த குழு மேலே அமர்ந்து கோன்-சிக்கி-சின் வாசித்துக்கொண்டு வந்தது.